வாசகர் கேள்வி–பதில்: வீட்டு நினைவுகளும் வேதப் பாடங்களும்

சிறுவயது வீட்டு நினைவுகளைத் தியானத்துக்கும் சாட்சிக்கும் ஞாயிறு பள்ளிக்கும் எப்படிப் பயன்படுத்துவது என்று வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: சபை மலருக்கு ஒரு தியானம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். "என் சிறுவயது நினைவு ஒன்று" என்பது தலைப்பு. யோசித்துப் பார்த்தால் எங்கள் வீட்டில் பெரிதாக எதுவுமே நடக்கவில்லை. அற்புதமும் இல்லை, ஆபத்தும் இல்லை. எதை எழுதுவது?

பெரிதாக எதுவும் நடக்காத வீட்டில்தான் இதற்கு நிறையக் கிடைக்கும். இயேசு சொன்ன உவமைகளைப் பாருங்கள். தொலைந்த காசுக்காக விளக்கைக் கொளுத்தி வீட்டைப் பெருக்குகிறாள் ஒருத்தி. மாவில் புளித்தமாவை அடக்கி வைக்கிறாள் இன்னொருத்தி. நடுராத்திரியில் கதவைத் தட்டுகிறவனிடம், "பிள்ளைகள் என்னோடு படுத்திருக்கிறார்கள், எழுந்து வர முடியாது" என்கிறார் ஒரு தகப்பன். எல்லாம் நாலு சுவருக்குள் நடப்பவை.

இந்த மாதிரி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது முதல் அடியிலேயே. "கீழ்ப்படிதல்", "அன்பு" என்று பாடத்தை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கு ஏற்ற நினைவைத் தேடுகிறார்கள். பிறகு பாடத்துக்குப் பொருந்தாததையெல்லாம் நினைவிலிருந்து வெட்டிவிடுகிறார்கள். மிஞ்சுவது யார் வீட்டிலும் நடந்திருக்கக்கூடிய ஒரு கதை. வரிசையை மாற்றுங்கள். நினைவு முதலில், பாடம் பிறகு.

ஒரு தாளை நெடுக்குவாக்கில் இரண்டாக மடியுங்கள். இடது பக்கத்தில் கண் பார்த்தது, காது கேட்டது, கை தொட்டது மட்டும். 10 நிமிடம் நிறுத்தாமல் எழுதுங்கள், அடித்துத் திருத்த வேண்டாம். "அம்மா ரொம்பப் பாசமானவள்" என்பது இடது பக்கத்தில் வரக் கூடாது. "அம்மா என் பாதத்தை எடுத்து மடியில் வைத்தாள்" என்பது வரலாம். வலது பக்கத்தை அன்றைக்குத் தொடாதீர்கள். ஒரு ராத்திரி கழியட்டும். மறுநாள் இடது பக்கத்தைப் படித்து, வினைச்சொற்களுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள்.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு பிள்ளை கண்ணாடிக் குவளையை உடைத்துவிடுகிறது. பயத்தில் சில்லுகளை அலமாரிக்கு அடியில் தள்ளிவிடுகிறது. இரண்டு நாள் ஒன்றும் நடக்காததுபோல் போகிறது. மூன்றாம் நாள் அதே இடத்தில் ஓடும்போது, தப்பிக் கிடந்த ஒரு சில்லு குதிகாலில் ஏறிவிடுகிறது. அப்பா விளக்கைத் தாழ்த்திப் பிடிக்கிறார். அம்மா பாதத்தை மடியில் வைத்து, தோலை இரண்டு பக்கமும் அழுத்தி, ஊசி முனையால் சில்லை நெம்பி எடுக்கிறாள். கழுவித் துணி சுற்றுகிறாள். அதற்குப் பிறகுதான் கேட்கிறாள்: "எப்ப உடைஞ்சது?"

இதைப் பத்துப் பேர் எழுதினால் ஒன்பது பேர் "பெற்றோரிடம் எதையும் மறைக்கக் கூடாது" என்று முடிப்பார்கள். தப்பில்லை. ஆனால் அதைச் சொல்ல இந்த நினைவு தேவையே இல்லை. இப்போது அடிக்கோடிட்ட வினைகளைப் பாருங்கள்: தள்ளியது, ஏறியது, பிடித்தார், எடுத்தாள், கழுவினாள், கேட்டாள். இதில் யாராலும் கற்பனையில் இட்டுக்கட்ட முடியாத இடம், அந்த வரிசை. எடுத்தது முன்னால், கேட்டது பின்னால். இப்படிக் கொஞ்சம் எதிர்பாராமல் நிற்கிற ஒரு விவரத்தில்தான் ஒரு நினைவின் உயிர் இருக்கும்.

அடுத்தது வசனம். பிள்ளை ஒளித்தது என்றதும், ஆதாமும் ஏவாளும் தேவனுக்கு ஒளிந்துகொண்ட ஆதியாகமம் 3 ஞாபகத்துக்கு வரும். நிதானியுங்கள். அங்கே "எங்கே இருக்கிறாய்" என்ற கேள்வி 9-ம் வசனத்தில் முதலில் வருகிறது. தோல் உடை உடுத்துவது 21-ம் வசனத்தில் கடைசியில். இந்த நினைவின் வரிசை அதற்கு நேர் எதிர். ஆகவே பொருந்தாது. மறைத்து வைத்த பாரம்தான் உங்கள் மனதைப் பிடித்தது என்றால் சங்கீதம் 32 இருக்கிறது: அடக்கி வைத்தபோது எலும்புகள் உலர்ந்ததும், அறிக்கையிட்டபோது மன்னிப்பு வந்ததும் 3 முதல் 5 வரையுள்ள வசனங்களில் உண்டு. முதலில் குணமாக்கிவிட்டுப் பிறகு கேட்டதுதான் பிடித்தது என்றால் ரோமர் 5:8. நாம் திருந்திய பிறகு அல்ல, பாவிகளாயிருக்கையிலேயே கிறிஸ்து நமக்காக மரித்தார். இரண்டில் ஒன்றை மட்டும் எடுங்கள். இரண்டையும் வைத்தால் வாசிப்பவர் மனதில் ஒன்றும் நிற்காது.

வசனம் கையில் இல்லையென்றால் ஒத்தவாக்கிய அகராதியில் (ஒரு சொல் வேதத்தில் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் நூல்) "பாசம்", "தியாகம்" என்று தேடாமல் வினையைத் தேடுங்கள்: கழுவு, சும, தட்டு, காத்திரு. கிடைத்ததும் அந்த அதிகாரம் முழுவதையும் படியுங்கள். வசனமும் நினைவும் ஒத்துப்போகவில்லையா? வசனத்தை மாற்றுங்கள். நினைவை வளைக்காதீர்கள்.

400 சொற்கள் என்றால் நினைவுக்கு 200, வேதப் பகுதிக்கு 120, மீதி இரண்டையும் இணைக்க. "இதேபோலத்தான் தேவனும்" என்று இணைக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். அம்மா தேவன் அல்ல. அவள் மூன்றாம் நாள்தான் கண்டாள். சங்கீதம் 139-ன் கர்த்தரோ அலமாரிக்கு அடியில் இருப்பதையும் அன்றைக்கே கண்டிருப்பார். நினைவு எந்த இடத்தில் எட்டவில்லை என்று சொல்லுங்கள். தியானத்தின் மிக உண்மையான வரி அநேகமாக அங்கேதான் பிறக்கும்.

கேள்வி: ஒரு சம்பவத்தைப் பல வருடங்களாகச் சாட்சியாகச் சொல்லி வருகிறேன். "அது அப்படி நடக்கவே இல்லை, நீ அங்கே இருந்ததுகூட இல்லை" என்கிறாள் என் அக்கா. நான் பொய் சொல்லிக்கொண்டிருந்தேனா?

பொய் என்பது தெரிந்தே சொல்வது. உங்களுடையது அப்படியில்லை. நினைவு பெட்டியில் பூட்டிய புகைப்படம் மாதிரி அப்படியே இருப்பதில்லை. ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் மறுபடி கட்டப்படுகிறது. பிரிட்டிஷ் உளவியலாளர் ஃபிரெடெரிக் பார்ட்லெட் 1932-ல் வெளியிட்ட ஆய்வில், பழக்கமில்லாத ஒரு நாட்டுப்புறக் கதையைப் படித்துவிட்டுத் திருப்பிச் சொன்னவர்கள் புரியாத பகுதிகளை விட்டுவிட்டு, தங்களுக்குப் பழக்கமானவற்றை அந்த இடத்தில் வைத்தார்கள். 1995-ல் அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் குழு வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. 24 பேரிடம், உறவினர்கள் சொன்ன மூன்று உண்மைச் சம்பவங்களோடு, சிறுவயதில் கடை வளாகத்தில் தொலைந்துபோனதாக ஒரு பொய்ச் சம்பவமும் கொடுத்தார்கள். ஏறக்குறைய கால்வாசிப் பேர் அதை முழுதாகவோ கொஞ்சமாகவோ "ஞாபகம் இருக்கிறது" என்றார்கள்.

அதோடு, பெரியவர்களுக்குப் பொதுவாக 3, மூன்றரை வயதுக்கு முன்பு நடந்தவை நினைவில் நிற்பதில்லை. 2 வயதில் நடந்த ஒன்று தெளிவாகத் தெரிகிறது என்றால், அது வீட்டில் அடிக்கடி சொல்லக் கேட்டதாகவோ படத்தில் பார்த்ததாகவோ இருக்க வாய்ப்பு அதிகம். அதையும் சொல்லலாம், "வீட்டில் சொல்வார்கள்" என்று தொடங்கி.

அக்காவும் நீங்களும் தனித்தனியாக எழுதுங்கள், ஒருவர் எழுதியதை மற்றவர் முன்கூட்டிப் பார்க்காமல். பிறகு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவரும் சொல்வதைத் தைரியமாகச் சொல்லலாம். ஒருவர் மட்டும் சொல்வதற்கு முன்னால் "என் நினைவில்" என்று ஒரு சொல் சேருங்கள். ஒருவர் பேசியது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகமில்லை என்றால் மேற்கோள் குறிக்குள் போடாதீர்கள். சாட்சிகளில் மிகைப்படுத்தல் நுழைவது பெரும்பாலும் அந்த மேற்கோள் குறி வழியாகத்தான். லூக்கா தம் சுவிசேஷத்தைத் தொடங்கும்போதே, கண்ணாரக் கண்டவர்கள் ஒப்புவித்ததை ஆதிமுதல் திட்டமாய் விசாரித்து எழுதுவதாகச் சொல்கிறார். நமக்கும் அந்த அக்கறை இருக்கட்டும்.

நீங்கள் அங்கே இருந்ததே இல்லை என்பது உறுதியானால், "இதுவரை நான் சொன்னதில் ஒரு திருத்தம்" என்று அதே சபையில் சொல்லிவிடுங்கள். கேட்டவர்களுக்கு அதுவும் ஒரு நல்ல சாட்சி.

கேள்வி: என் அப்பா குடிப்பவர், அடிப்பவர். "அதிலும் தேவன் ஒரு பாடம் வைத்திருப்பார், தேடுங்கள்" என்கிறார் எங்கள் ஜெபக்குழுத் தலைவி. தேடித்தான் ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. எந்த அடிக்கும் நீங்கள் பாடம் கண்டுபிடித்துக் கொடுக்க வேண்டிய கட்டாயம் கிடையாது. சங்கீதம் 88 இருளிலேயே முடிகிறது; கடைசியில் நம்பிக்கை வரி ஒன்றும் இல்லை. அது அப்படியே வேதத்தில் இருக்கிறது.

இந்த இடத்தில் எல்லாரும் யோசேப்பை எடுத்துக்கொள்வார்கள். நாமும் எடுப்போம், ஆனால் வருடங்களை எண்ணிப் பார்த்து. சொந்தச் சகோதரரால் குழியில் போடப்பட்டு விற்கப்பட்டபோது அவனுக்கு வயது 17. பார்வோனுக்கு முன் நின்றபோது 30. செழிப்பான 7 வருடமும் பஞ்சத்தில் 2 வருடமும் போன பிறகு, 39 வயதளவில், "உயிர்களைக் காக்க தேவன் என்னை அனுப்பினார்" என்று சகோதரரிடம் முதல்முறையாகச் சொல்கிறான். குழியிலிருந்து அந்த வார்த்தைக்கு 22 வருடம். தகப்பன் யாக்கோபு எகிப்தில் 17 வருடம் வாழ்ந்து மரித்த பிறகு, யோசேப்புக்கு 56 வயது ஆகும்போதுதான், "நீங்கள் எனக்குத் தீமை செய்ய நினைத்தீர்கள்" என்று தீமையைத் தீமை என்று பெயர் சொல்லி, தேவன் அதை நன்மையாக முடித்தார் என்கிறான். இடையில் மூத்த மகனுக்கு மனாசே என்று பெயரிட்டு, "தேவன் என் தகப்பன் வீட்டை மறக்கப்பண்ணினார்" என்றவன், சகோதரரைக் கண்டதும் அறைக்குள் போய் அழுகிறான். மறந்துவிடவில்லை.

இன்னொன்று: அந்த வார்த்தை யோசேப்பின் வாயிலிருந்து வந்தது. குழிக்கு மேலே நின்று யாரும் அவனுக்கு அதைப் போதிக்கவில்லை. உங்கள் ஜெபக்குழுத் தலைவி நல்ல மனதோடுதான் சொல்கிறார். இருந்தாலும், அதைச் சொல்லும் உரிமை காயப்பட்டவருக்குத்தான்.

தாய் தகப்பனைக் கனம்பண்ணு என்ற கட்டளை, நடந்ததை மறைக்கச் சொல்லவில்லை. மத்தேயு இயேசுவின் வம்சவரலாற்றை எழுதும்போது, சாலொமோனின் தாயை "உரியாவின் மனைவியாயிருந்தவள்" என்றே எழுதுகிறார். தாவீதைக் கனப்படுத்தும் பட்டியலில்கூட, அவர் அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்ட உண்மை மூடப்படவில்லை.

செய்ய வேண்டியவை இவ்வளவுதான். தனியாக உட்கார்ந்து இந்த நினைவுகளைத் தோண்ட வேண்டாம். மேடைக்கு முன்னால், நம்பிக்கையான ஒரே ஒருவரிடம் சொல்லுங்கள். எழுதும்போது உடல் நடுங்கினாலோ, அன்று இரவு தூக்கம் கெட்டாலோ நிறுத்திவிட்டு, பயிற்சி பெற்ற ஆலோசகரிடம் போங்கள். ஜெபத்தோடு அதுவும் தேவை. அந்த வீட்டில் இன்னும் அடி வாங்கும் பிள்ளை யாராவது இருந்தால், தியானம் காத்திருக்கட்டும். அந்தப் பிள்ளையைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுபோவது முதல் வேலை. எழுதவே வேண்டும் என்று தோன்றினால், சங்கீதம் 27:10-ல் இருந்து தொடங்கலாம். தகப்பனும் தாயும் கைவிட்டாலும் கர்த்தர் சேர்த்துக்கொள்வார் என்கிற வசனம் அது. கைவிடும் பெற்றோர் உண்டு என்பதை அது மறைக்கவில்லை.

கேள்வி: ஞாயிறு பள்ளியில் என் பாட்டியின் விசுவாசத்தைப் பற்றிச் சொல்கிறேன். பிள்ளைகள் 3 நிமிடத்தில் நெளிய ஆரம்பிக்கிறார்கள். எங்கே தவறு?

"அந்தக் காலத்தில் நாங்கள்" என்று தொடங்குகிறீர்களா? அப்படியானால் அங்கேதான். பிள்ளைகள் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறீர்கள்.

யோசுவா 4-ஐப் பாருங்கள். யோர்தானின் நடுவிலிருந்து கோத்திரத்துக்கு ஒன்றாக 12 கற்களைத் தோளில் சுமந்து வந்து கில்காலில் நாட்டுகிறார்கள். எதற்கு? நாளைக்குப் பிள்ளைகள் "இந்தக் கற்கள் ஏது?" என்று கேட்பார்கள், அப்போது சொல்லுங்கள் என்று. முதலில் பொருள், அடுத்தது பிள்ளையின் கேள்வி, கடைசியில்தான் பெரியவரின் கதை. பாட்டியின் மூக்குக்கண்ணாடியோ, ஓரம் கிழிந்த அவருடைய வேதாகமமோ இருந்தால் மேசையில் வையுங்கள். ஒன்றும் பேசாதீர்கள். ஒரு நிமிடம் பொறுங்கள். "இது யாருது?" என்று ஒரு குரல் வரும். அதன் பிறகு ஆரம்பியுங்கள்.

6 வயதுக்குக் கீழே என்றால் ஒரே ஒரு காட்சி, ஒன்றரை நிமிடம், வசனத்தில் பாதி போதும். 7 முதல் 10 வரை என்றால் ஒரு சிக்கல் இருக்க வேண்டும்: பாட்டி எதையோ தொலைத்தார், காத்திருந்தார், பயந்தார். அதற்கு மேல் வயதுப் பிள்ளைகளிடம் பாட்டியின் சந்தேகத்தையும் சொல்லுங்கள். குறையே இல்லாத பாட்டியை அவர்கள் நம்ப மாட்டார்கள். உபாகமம் 6-ல் மகன் கேட்கும்போது தகப்பன் சொல்லத் தொடங்குவது எதில் என்று கவனியுங்கள்: "நாங்கள் அடிமைகளாயிருந்தோம்." வீட்டுப் பெருமையில் அல்ல, வீட்டு அவமானத்தில்.

முடிவில் "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டால், அவர்கள் உங்களுக்குப் பிடித்த பதிலைச் சொல்வார்கள். "நீ அங்கே இருந்திருந்தால் எங்கே நின்றிருப்பாய்?" என்று கேளுங்கள். பதில்கள் வேறு மாதிரி வரும்.

தீமோத்தேயுவின் பாட்டி லோவிசாளைப் பற்றி வேதம் முழுவதிலும் ஒரே ஒரு வசனம்தான் பேசுகிறது, 2 தீமோத்தேயு 1:5. அவளுடைய மாயமற்ற விசுவாசத்தைச் சொல்ல அது போதுமாக இருந்தது. உங்கள் பாட்டியைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லலாம்.

கேள்வி: சிறுவயது என்றாலே எனக்கு ஞாபகம் வருவது நான் செய்த தப்புகள்தான். அதை எழுதலாமா?

தாராளமாக. அகுஸ்தீன் 16 வயதில் நண்பர்களோடு சேர்ந்து பக்கத்துத் தோட்டத்தில் பேரிக்காய் திருடினார். அதைப் பற்றி 397-க்கும் 400-க்கும் இடையில், 40 வயதைத் தாண்டிய ஆயராக, தம்முடைய பாவ அறிக்கை நூலின் இரண்டாம் புத்தகத்தில் எழுதுகிறார். அவர் செய்வதைக் கவனித்தால் முறை தெரிந்துவிடும். பசி இல்லை, வீட்டில் இதைவிட நல்ல பழம் இருந்தது, திருடியதைப் பன்றிகளுக்குப் போட்டோம் என்று ஒவ்வொரு சாக்கையும் வரிசையாக அப்புறப்படுத்துகிறார். பிறகு "ஏன் செய்தேன்?" என்ற கேள்வியை விடாமல் பிடித்துக்கொள்கிறார். தனியாக இருந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்பதையும் கண்டுகொள்கிறார். "திருடாதே" என்று சொல்லி அவர் முடித்துவிடவில்லை.

நீங்களும் முதலில் சாக்குகளை எழுதி ஒவ்வொன்றாக அடியுங்கள். ஓர் எச்சரிக்கை: 6 வயதில் செய்ததை 6 வயதின் அளவுக்குத்தான் எழுத வேண்டும். சிறு பிள்ளையின் பயத்தைப் பெரியவரின் துரோகமாக ஊதிவிடுவதும் பொய்தான்.

கேள்வி: கிறிஸ்தவம் தெரியாத வீட்டில் வளர்ந்தேன். என் வீட்டு நினைவில் கிறிஸ்தவப் பாடம் தேடுவது சரியா?

சரி. அத்தேனேயில் பவுல் கிரேக்கக் கவிஞர்களின் வரியை எடுத்துத்தான் பேசினார். உங்கள் அம்மா உண்மை பேசக் கற்றுக்கொடுத்தார் என்றால் அதற்காக நன்றி சொல்லி எழுதுங்கள். ஆனால் அவரை "அறியாமலே கிறிஸ்தவளாக இருந்தவள்" என்று எழுதிவிடாதீர்கள். அவர் எதை நம்பினாரோ அதை அவர் நம்பியபடியே விட்டுவிடுவதுதான் மரியாதை. நீங்கள் கண்டது உங்கள் பாடம், அவருடைய அறிக்கை அல்ல.

கேள்வி: தம்பி சிறுவயதில் செய்த ஒன்றை வைத்து நல்ல தியானம் எழுதியிருக்கிறேன். பெயர் போடவில்லை. அவனிடம் கேட்க வேண்டுமா?

கேளுங்கள். பெயர் இல்லாவிட்டாலும் "என் தம்பி" என்றால் உங்களைத் தெரிந்த எல்லாருக்கும் யாரென்று தெரியும். சுருக்கத்தை வாயால் சொல்லாமல், எழுதிய பக்கத்தை அப்படியே கையில் கொடுத்து, ஒரு வாரம் அவகாசம் விடுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்; மலர் அச்சுக்குப் போகும் நாளைச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். ஒருவேளை "இந்த இரண்டு வரியை மட்டும் எடுத்துவிடு" என்பார். எடுத்துவிட்டு மறுபடி படித்துப் பாருங்கள். அந்த இரண்டு வரி இல்லாமல் தியானம் நிற்கவில்லை என்றால், நீங்கள் எழுதியது உங்கள் நினைவை அல்ல, அவருடையதை. உங்களுடைய வேறொன்றை எடுத்து, தாளை மடித்துத் திரும்ப ஆரம்பியுங்கள்.